என் சூடு போட்ட பதினெட்டு

முதலாளியின் மாடுகளோடு வேலைக்காரனும் தன் மாடு நாலைந்தை மேய விடலாம் என்பது எங்கள் பாம்பாப் புல்வெளியில் வழக்கம். சம்பளம் கூட்டிக் கேட்டால் முதலாளி கஸ்தோன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிவார். "சம்பளம் கஷ்டம் இலாரியோ, வேணும்னா இன்னும் ரெண்டு உருப்படி விட்டுக்கோ" என்பார். அவருக்குப் புல் சும்மா கிடந்தது. எனக்கும் அதுதான் தோதாக இருந்தது. பெசோ நோட்டைப் பெட்டியில் வைத்தால் விலைவாசி ஏறி வருஷக் கடைசியில் மதிப்புப் பாதியாகிவிடும். மாடு மாடாகவே நிற்கும், எடையும் போடும். இப்படி ஒன்றும் இரண்டுமாகச் சேர்த்து, அந்த வருஷம் என் சூடு போட்ட இளங்காளைகள் பதினெட்டு நின்றன. எல்லாம் காயடித்தவை.

அந்தப் பதினெட்டும் எனக்கு ஒரு மனை. எல் கார்தால் ஊரில், ரயில் பாதை ஓரம், செங்கல்லில் கட்டிய இரண்டு அறையும் பம்பும் உள்ள மனை. விதவை இர்மா விற்கப் போகிறாள் என்று ஊருக்கே தெரியும். கொழுத்த காளை பதினைந்தின் விலை கேட்டாள். ஜனவரி வரை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன் என்று வாக்கும் கொடுத்திருந்தாள். நானும் என் மனைவி தெலியாவும் இருக்கிற வீடு பண்ணை வீடு. குதிரையில் ஏற முடியாமல் போகிற அன்றைக்குக் காலி பண்ண வேண்டியதுதான். என் அப்பனை அறுபத்தாறு வயதில் ஒரு கட்டிலோடும் ஒரு சேணத்தோடும் வெளியே அனுப்பினார்கள். அக்காள் வீட்டு அடுப்படியில் கிடந்து செத்தார். பதினெட்டு நின்ற அந்த வருஷம் எனக்கு ஐம்பத்தேழு.

பண்ணை ஒரு காலத்தில் ஒன்றாக இருந்தது. பெரியவர் செத்ததும் பிள்ளைகள் இரண்டு பேரும் தார்ச்சாலையை எல்லையாக வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். மேற்கே கஸ்தோன், புல். கிழக்கே தம்பி ஃபெர்மின், பட்டி. பட்டி என்றால் நாலாயிரம் மாட்டைக் கம்பி அடைப்புக்குள் நிறுத்தி, மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் காலை மாலை தொட்டியில் கொட்டிக் கொழுக்க வைக்கிற இடம். அங்கே ஒரு காளை பதினைந்து பதினாறு மாதத்தில் லாரி ஏறிவிடும். எங்கள் பக்கம் முப்பது மாதம் ஆகும். ஆனால் எங்கள் இறைச்சி ஐரோப்பாவுக்குப் போகிறது. கிலோவுக்குக் கால்பங்கு விலை கூட. ஒரே நிபந்தனை, பால்குடி மறந்த நாளிலிருந்து மாடு புல்லைத் தவிர ஒரு பிடி தானியம் தின்றிருக்கக் கூடாது. அதைச் சத்தியம் பண்ணி எழுதிக் கொடுக்க வேண்டும். என் பதினெட்டையும் தன்னுடைய இருநூற்று நாற்பதோடு சேர்த்து அதே விலைக்கு ஏற்றிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

தெலியாவின் தம்பி நிக்கனோருக்குப் பட்டியில் தீவனம் கலக்கும் வண்டி ஓட்டும் வேலை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருவான். அவன் பூட்ஸை வாசலுக்கு வெளியே கழற்றச் சொல்வாள் தெலியா. கழற்றியும் நாறும். மாத்தே இலைத் தேநீர்க் குடுவையை மூன்று பேரும் கைமாற்றி உறிஞ்சிக்கொண்டிருப்போம். அவன் வாய் சும்மா இருக்காது.

"மச்சான், நேத்து ஒரு இஞ்சினியர் வந்து கூட்டம் போட்டான். உன் மாடு முப்பது மாசம் நின்னு ஏப்பம் விடுதாம். என் மாடு அதுல பாதிலயே கதைய முடிச்சுக்குது. ஏப்பத்த எண்ணிப் பாத்தா பூமியச் சூடாக்கி நாசம் பண்றவன் நீதானாம்."

"உன் பட்டிக்குப் பின்னால இருக்கிற கறுப்புச் சாணிக் குட்டையில ஒரு வாய் அள்ளிக் குடிச்சிட்டு வந்து இதச் சொல்லு."

"குட்டையில எதுக்குக் குடிக்கணும். கெணத்துத் தண்ணியவே கைக்கொழந்தைக்குக் குடுக்காதீங்கன்னு நர்சம்மா வந்து சொல்லிட்டுப் போயாச்சு. புட்டித்தண்ணி வாங்குறோம்."

"பெருமையா வேற சொல்றான் பாரு" என்றாள் தெலியா.

"பெருமை இல்லக்கா. பட்டியில பதினோரு பேர் சம்பளம் வாங்குறோம். உங்க பக்கம் எத்தன பேரு? மச்சான் ஒருத்தரு, அவரோட குதிர, ஒரு கெழட்டு நாய். புல்லு நல்லதுதான். அது யாருக்கும் சோறு போட மாட்டேங்குது."

அவன் சொன்னது பொய் இல்லை. அதனால்தான் எனக்கு எரிச்சல் வந்தது.

மழை பொய்த்து அது மூன்றாவது வருஷம். முதல் வருஷம் புல் மஞ்சளானது. இரண்டாம் வருஷம் தரையோடு ஒட்டிக்கொண்டது. மூன்றாம் வருஷம் காற்றடித்தால் மண் எழும்பி மதியத்தில் சூரியனை மறைத்தது. காற்றாலை சுற்றினால் தண்ணீரோடு மணலும் வந்தது. ஜூனில், எங்கள் பக்கத்துக் குளிர்காலம் தொடங்கும்போது, முதலாளி வந்து வேலியோரம் நின்று மேற்கு வயலைப் பார்த்தார்.

"இருக்கிற புல்லு என் மாட்டுக்கே பத்தாது, இலாரியோ. உன்னோடத வீட்டோர வயல்ல பிரிச்சுக் கட்டிரு."

வீட்டோர வயலில் புல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. காய்ந்த முட்செடியும் குதிரைகள் மிச்சம் வைத்த வேரும்தான். "சரி முதலாளி" என்றேன். அவர் புல், அவர் சொல்வதுதான்.

ஜூலையில் ஒரு ஞாயிறு, ஊரே பந்து மைதானத்தில் இருந்த நேரம், முதலாளி தம்பியின் பச்சை லாரியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். பின்னால் உடைத்த மக்காச்சோளம். மேற்கு வயலின் கோடியில், சாலையிலிருந்து பார்த்தால் தெரியாத பள்ளத்தில், இரண்டு பேரும் தரையில் நீளமாகக் கொட்டிக்கொண்டே போனோம். இருநூற்று நாற்பதும் முதலில் முகர்ந்து பார்த்துவிட்டு நின்றன. பிறகு ஒன்றின் மேல் ஒன்று ஏறித் தின்றன.

"இத மருந்துன்னு வச்சுக்கோ" என்றார் முதலாளி.

அடுத்த இரண்டு ஞாயிறும் அதே மருந்து. மூன்றாவது வாரம் லாரியின் சத்தம் வாயில் பக்கம் கேட்டதுமே மாடுகள் பள்ளத்தை நோக்கி ஓட ஆரம்பித்தன. என் பதினெட்டுக்கும் ஒரு மூட்டை கேட்கலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. அவர் தானாகச் சொல்வார் என்று இருந்தேன். அவர் சொல்லவில்லை.

ஆகஸ்டில் உறைபனி விழுந்த ஒரு காலை, என் காளைகளில் ஒன்று எழுந்திருக்கவில்லை. வாலில் கயிறு கட்டிக் குதிரையால் தூக்கி நிறுத்தினேன். நின்றது, கால் நடுங்கியது. தெலியா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள்.

"நிக்கனோர்ட்ட ஓட்டி விட்டுரலாமா கிழவா? அங்க தின்னாவது பொழைக்கும்."

"அங்க போனா பட்டி மாடு. பட்டி விலைதான். அதுல மனை வராது."

"செத்துப் போனா மட்டும் வந்துருமா?"

கயிற்றைச் சுருட்டினேன். அந்தக் காளை சாகவில்லை. ஒரு வாரத்தில் தானாகவே எழுந்து நடந்தது. மற்றவையும் விழவில்லை. மாதம் முழுக்க வரும் கோழிச்சோள மூட்டை அந்த மாதம் பத்து நாளில் காலியாகியிருந்தது. தெலியா எனக்குத் தெரியாமல் ஊர்க்கடையில் இன்னொன்று சொல்லியிருந்தாள், பிறகு இன்னொன்று. கோழி எத்தனை தின்னும் என்று எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. மத்தியானம் அவள் வாளியோடு வேலிப் பக்கம் போகும் நேரத்தில் எனக்குக் குதிரை லாயத்தில் வேலை இருந்தது. தினமும் இருந்தது.

அக்டோபரில் ஏற்றுமதிச் சோதனைக்கு வரும் கால்நடை டாக்டர் சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்னால் வந்துவிட்டாள். சொலேதாத் என்று பெயர், முப்பத்தைந்து வயதிருக்கும், கண்ணுக்குக் கீழே கறுப்பு. அவள் காரில் எங்கள் பக்கத்துப் பண்ணைக் காகிதமெல்லாம் குவிந்து கிடந்தது. மேற்கு வயலைச் சுற்றிப் பார்த்தாள். சாணத்தைக் குச்சியால் கிளறினாள். காதுவில்லை எண்களைச் சரிபார்த்தாள். எல்லாம் சரி என்று எழுதினாள். ஜூலை மாதச் சோளம் அக்டோபர் சாணத்தில் இருக்காது. பிறகு வீட்டோர வயலுக்கு வந்தாள். வேலியில் முழங்கையை ஊன்றி, நான் கொடுத்த மாத்தேயை உறிஞ்சிக்கொண்டே, "இந்தப் பஞ்சத்துக்கு இதுங்க பரவாயில்லயே" என்றாள்.

"நம்ம பக்கத்து மாடு டாக்டரம்மா. தாங்கும்."

அந்த நேரம் பார்த்துத் தெலியா கோழிக்குப் போட வாளியோடு வெளியே வந்தாள். கார் வீட்டுக்கு மறுபக்கம் நின்றது, அவள் பார்க்கவில்லை. வாளியின் கைப்பிடி விளிம்பில் தட்டி ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். வயலின் மறுகோடியில் படுத்திருந்த பதினெட்டும் எழுந்தன. ஓடி வந்தன. கம்பியில் நெஞ்சை வைத்து மோதி, கழுத்தை நீட்டி, வாளியைப் பார்த்துக் கத்தின. ஒன்று டாக்டரின் கையிலிருந்த குடுவையையே நக்கிப் பார்த்தது.

தெலியா அப்படியே நின்றாள்.

டாக்டர் குடுவையை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். "புல்லு மட்டும் தின்ன மாட்டுக்கு வாளின்னா என்னன்னே தெரியாது" என்றாள். குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. "நான் பாக்காத மாதிரி போயிரலாம், ஆனா அடுத்த வருஷம் இன்னொருத்தன் இதக் கண்டுபிடிச்சா என் வேல போயிரும். எனக்கும் வீட்ல ரெண்டு பேரு சாப்பிட இருக்காங்க. முதலாளிய வெள்ளிக்கெழமைக்குள்ள எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. எத்தன உருப்படி, யாரு போட்டது, எவ்வளவு நாளா. இல்லன்னா மொத்தப் பண்ணையையும் நிறுத்தி வைக்கணும்."

நான் போய்ச் சொன்னதும் முதலாளி அன்று மத்தியானமே வந்தார். கையில் காகிதம் தயாராக இருந்தது. எங்கள் சமையலறை மேஜையில் விரித்தார். உட்காரவில்லை.

"இலாரியோ சூடு போட்ட பதினெட்டு உருப்படிக்கு மட்டும், வீட்டோர வயல்ல, முதலாளிக்கும் இலாரியோவுக்கும் தெரியாம, அவர் சம்சாரம் தெலியா தானியம் போட்டிருக்காங்கன்னு எழுதியிருக்கேன். பதினெட்டையும் கணக்குலருந்து எடுத்துர்றோம். மிச்சத்துக்குப் பிரச்சன இல்ல. தெலியா, இங்க ஒரு கையெழுத்து."

தெலியா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். பேனாவை எடுக்கவில்லை.

"போட்டது நான்தான். இல்லேங்கல. ஆனா ஜூலையில மேக்கு வயல்ல போட்டது யாரு முதலாளி? அதுவும் நான்தானா?"

முதலாளி அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். அவளிடம் சொன்னது நான்தான் என்று அவருக்குத் தெரியும்.

இருபத்தெட்டு வருஷம் அவரிடமும் அவர் அப்பாவிடமும் வேலை பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினேன்.

"அந்தப் பச்ச லாரிய டாக்டரம்மா இருக்கும்போது ஒருவாட்டி வாசல் பக்கம் ஓட்டிக் காட்டட்டுமா? இருநூத்தி நாப்பதும் எந்தப் பக்கம் ஓடுதுன்னு அவங்களே பாக்கட்டும்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, தொப்பியை மேஜையில் வைத்தார்.

"ஓட்டு. சாவி வண்டியிலதான் இருக்கு. மொத்த மாடும் உள்ளூர் விலைக்குப் போகும். அந்த விலைக்கு முப்பது மாசம் வச்சு வளக்க எனக்கு முடியாது. ஏற்கெனவே ஒருத்தன் குத்தகைக்குக் கேட்டுட்டு இருக்கான். அடுத்த மாசம் விதைப்பு. மேக்கு வயல்ல எங்க தாத்தா காலத்துலருந்து கலப்பை வச்சதில்ல. அவன் ரெண்டு நாள்ல உழுது சோயாவப் போட்டுருவான். மெஷினோட ஆள் வருவான், மருந்தடிக்க ஏரோப்ளேன் வரும். மாடு மேய்க்க ஆள் வேணாம், இலாரியோ. இந்த வீட்டையும் இடிச்சுட்டு அங்கயும் வெதைப்பான். ஒரு ஹெக்டேர்னாலும் ஹெக்டேர்தான்."

"மிரட்டுறீங்களா?"

"மிரட்டல. கணக்குச் சொல்றேன். புல்லு நிக்கணும்னா ஐரோப்பாக்காரன் காசு வரணும். அந்தக் காசு வரணும்னா இந்தக் காகிதம் போகணும்."

அவர் சொன்னதும் பொய் இல்லை. என்னைச் சுற்றி உண்மை பேசுகிறவர்களாகவே இருந்தார்கள். நிக்கனோர், டாக்டர், முதலாளி. ஒவ்வொருவர் உண்மைக்கும் என் பையிலிருந்து ஏதாவது போனது.

"என் பதினெட்டு என்னாகும்?"

"தம்பி பட்டியில சொல்லிட்டேன். எடுத்துக்குவான். கொழுக்க வச்சு வித்துக்கோ. ரோட்டத் தாண்டுனாப் போதும்."

தெலியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள். எனக்குத் தெரியும் என்று சொல்ல வேண்டும். இலாரியோவுக்குத் தெரியாமல் என்று எழுதியிருப்பதை அடிக்கச் சொல்ல வேண்டும். அதை அடித்தால் மேய்த்தவனுக்கே தெரியும் என்று மொத்தப் பண்ணையையும் நிறுத்துவார்கள், வேலையும் வீடும் போய்விடும்.

"போடு கிழவி" என்றேன்.

"உனக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். முதலாளி முன்னால் கேட்டாள்.

"போடு."

போட்டாள். பெயரை முழுதாக, பள்ளிக்கூடத்தில் எழுதுகிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். முதலாளி காகிதத்தை ஊதிக் காயவைத்து மடித்துக்கொண்டு போனார். தெலியா வாளியில் மீதியிருந்த சோளத்தைக் கோழிக்குக் கொட்டப் போனாள்.

வியாழக்கிழமை காலை ஓட்டினேன். ஓட்டினேன் என்று சொல்வதற்கு ஒன்றுமில்லை. வாயிலைத் திறந்ததும் காற்றில் பட்டியின் சோள வாடை வந்தது. பதினெட்டும் தானாகவே சாலையைத் தாண்டின. நான் பின்னால் குதிரையில் உட்கார்ந்திருந்தேன், சாட்டையைக் கையில் எடுக்கக்கூட இல்லை. இரண்டு வருஷமாக நான் பொத்திப் பொத்தி வைத்ததெல்லாம் அவற்றுக்குத் தெரியாது. தீனி எங்கே இருக்கிறதோ அங்கே போயின.

நிக்கனோர் அடைப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வா மச்சான். ஓட்டல்ல ரூம் போட்டாச்சு. மூணு வேளை சாப்பாடு, தண்ணி, வைத்தியம். வாடக நாள் கணக்கு."

அடுத்தவன் மாட்டை வாங்கிக் கொழுக்க வைத்துத் தருவதற்குப் பட்டிக்காரர்கள் வைத்த பெயரே ஓட்டல்தான். ஆனாலும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எனக்குமா வாடக? முதலாளி தம்பிட்ட சொல்லிட்டேன்னாரே."

"எடுத்துக்கச் சொன்னாரு. சும்மா எடுத்துக்கச் சொல்லலியே." அவன் சிரிப்பதை நிறுத்திவிட்டான். "ஃபெர்மின்ட்ட கேட்டுப் பாத்தேன் மச்சான். ஒருத்தனுக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்கங்கிறாரு. மொத வாரம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் போடுவேன். பட்டினி கெடந்த வயிறு, திடீர்னு சோளத்தக் கொட்டுனா உப்பிச் செத்துரும். என் கையாலயே பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டான். ஒன்றுகூடச் சாகவில்லை. எழுபது நாளில் தலைக்கு நூறு கிலோ போட்டன. புல்லில் அவை ஒரு நாளும் அப்படி இருந்ததில்லை. முதுகு பலகை போல, தோல் பளபளவென்று. முழங்கால் வரை சேற்றிலும் சாணத்திலும் நின்றன. இரண்டு இருமின. அவற்றுக்கு ஊசி போட்டார்கள், அதுவும் வாடகையில் சேர்ந்தது. நான் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு வருவேன். என்னை அவை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. தலையைத் தொட்டியிலிருந்து எடுக்கவில்லை.

அவை போன மூன்றாவது வாரம் மழை வந்தது. நாலு நாள் விடாமல் பெய்தது. நவம்பர் கடைசியில் வீட்டோர வயலில் புல் முழங்காலுக்கு நின்றது. தின்ன ஆள் இல்லை. முதலாளி வந்து பார்த்து, "பொல்லாத மண்ணுய்யா இது, எப்படித் திரும்பி வருது பாரு" என்று சந்தோஷப்பட்டார். அறுத்துக் காயவைத்துக் கட்டி வைக்கச் சொன்னார். கட்டி வைத்தேன்.

உள்ளூர் விலையில் விற்று, ஓட்டல் வாடகை போக, கையில் வந்தது எட்டுக் காளையின் காசு. இர்மாவிடம் போனேன். அவள் மேஜையில் பிஸ்கட் எடுத்து வைத்தாள். பாதி இப்போது, பாதி அடுத்த வருஷம் என்றேன்.

"உங்களுக்குன்னுதான் வச்சிருந்தேன் இலாரியோ. அறுவடை மெஷின் ஓட்டுறவன் ஒருத்தன் முழுசா டாலர்ல கொண்டாந்து வச்சுட்டான். மழையப் பாத்துட்டுச் சோயாக்காரங்க அவனுக்கு முன்பணம் குடுத்துட்டாங்க. என் மக ஆஸ்பத்திரியில இருக்கா. நான் என்ன பண்ணட்டும்?"

பிஸ்கட்டைத் தின்றுவிட்டு வந்தேன்.

தெலியா அதற்கு முன்பே பட்டியில் சமையல் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நிக்கனோர் சொல்லி வாங்கிக் கொடுத்தான். பதினோரு பேருக்கு மத்தியானச் சோறு. என்னைவிட அவளுக்குச் சம்பளம் கொஞ்சம் கூட. காலையில் சாலையைத் தாண்டிப் போவாள், சாயங்காலம் வருவாள். எனக்குச் சமைத்து மூடி வைத்துவிட்டுப் போவாள். ஒரு குறையும் வைக்கவில்லை. கிழவா என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள்.

ஜனவரியில் முதலாளியின் இருநூற்று நாற்பதும் ஏறின. ஏழு லாரி. டாக்டர் சொலேதாத் ஏற்றும் இடத்தில் ஒரு மடக்கு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு லாரிக்கும் ஒரு காகிதம். பால்குடி மறந்த நாளிலிருந்து இந்த மாடுகள் புல்லைத் தவிர வேறெதுவும் தின்னவில்லை என்பது என் நேரடி அறிவுக்கு உட்பட்டது என்று அதில் அச்சடித்திருந்தது. முதலாளி கையெழுத்துக்குக் கீழே மேய்த்தவன் கையெழுத்துக்கு ஓர் இடம்.

"நீங்கதான மேய்ச்சது?" என்று டாக்டர் கேட்டாள்.

"ஆமா."

"அப்ப நீங்கதான் போடணும்."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பேனாவை என் பக்கம் திருப்பி வைத்தாள். முதலாளி முதல் லாரியின் கதவைச் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாலைக்கு அந்தப் பக்கம் பட்டியின் சமையற்கட்டிலிருந்து புகை போய்க்கொண்டிருந்தது.

ஏழு காகிதத்திலும் போட்டேன்.